ஒரு குடும்பத்துக்கு ஒரு மூக்கு

சின்னவளுக்கு மூக்கு போன செய்தி அவள் புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. முகத்தில் இருக்கிற மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது. கொஞ்சம் சப்பை, நுனியில் ஒரு மச்சம். அவள் அப்பாவுக்கு அதே மூக்கு, அப்பாவின் தங்கைக்கு அதே மூக்கு, அந்தத் தங்கை பெற்ற இரட்டைப் பிள்ளைகளுக்கும் அதே மூக்கு. போனது வாசனை.

ஒரு காய்ச்சல் வந்து அவளைப் படுக்கப் போட்டது. காய்ச்சல் விட்டு எழுந்தவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டு ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரியோடு கதை அளந்துகொண்டிருந்தாள். பாதி முகத்துக்குச் சவரம் செய்தபடி புருஷன் நுரையோடு ஓடிவந்தான்.

"பால் தீயுது! தெருவே நாறுது, பக்கத்துல நிக்கிற உனக்குத் தெரியலையா?"

"தெரியலையே" என்றாள் அவள். திரும்பிப் பார்த்தால் பாத்திரம் கரிக்கட்டை.

சோப்பை முகர்ந்தாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே விட்டாள். கடைசியில் புருஷனின் வேலைச் சட்டையை எடுத்து மூக்கில் அழுத்தினாள். அவன் பஸ் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டையின் டீசல் நாற்றத்துக்காக அவள் திட்டாத நாளில்லை. சட்டை வெறும் துணியாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விடு. இனிமே சட்டைக்காகத் திட்டு வாங்க வேண்டாம்" என்றான் அவன்.

"உனக்கென்ன, நீ ஸ்பானரைப் பிடிச்சுப் பொழைக்கிறவன். என் பொழைப்பு மூக்குல இருக்கு."

அது உண்மை. அவள் வேலை பார்த்தது ஊர் நடுவில் இருந்த தாவரத் தோட்டத்தில். வெறும் பூங்கா என்றால் அழகு பார்த்துச் செடி வைப்பார்கள். இங்கே உறவு பார்த்து வைப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாத்தி. ரோஜா இருக்கிற பாத்தியில் ஆப்பிளும் இருக்கும்; கேட்டால் பங்காளிகள் என்பார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, புகையிலை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். யார் கூடப்பிறந்தவர், யார் ஒன்றுவிட்டவர், யார் வெறும் அக்கம்பக்கம் என்று தீர்ப்பு சொல்பவர் தோட்டத்துத் தலைவர். செடிப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தரகர். பூர்வோத்தரம் விசாரிக்காமல் ஒரு புல்லைக்கூட உள்ளே விடமாட்டார்.

சின்னவள் வசம் இருந்தது வெங்காயப் பாத்தி. அதற்கு முன் அவள் ஒரு சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கே வாயைத் திறந்து பிரயோஜனம் இல்லை. அரை நாள் பேசாமல் இருந்தால் வயிறு உப்பிக்கொள்கிற ரகம் அவள். தோட்டத்தில் சேர்ந்தபோது யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வெங்காயத்தை அவள் தலையில் கட்டினார்கள். பாத்தியோ நுழைவாயிலை ஒட்டி. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. "பிடிங்க பிடிங்க, ராத்திரி தட்டுல வந்து விழும்போது மட்டும் விட்டுடுங்க!" சொர்க்கம் என்றால் இதுதான் என்று முடிவுகட்டி அவள் அங்கே வேர் விட்டுவிட்டாள்.

பாத்தியில் சமையல் வெங்காயமும் பூண்டும் மட்டுமா? தடித்த தண்டு வைத்த லீக், புல் மாதிரி முளைக்கிற சைவ்ஸ், மலையிலிருந்து வந்தது, மணலிலிருந்து வந்தது, பந்து மாதிரி ஊதாப்பூ பூப்பது என்று கூட்டம் பெரிது. இலை காய்ந்து கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டால் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது. வேர்ப்பக்கம் நகத்தால் ஒரு கீறு, மூக்கில் ஒரு இழுப்பு, அதுதான் வழி. மூக்கு போனவர்களுக்கு, கண் மங்கியவர்களுக்கு, காது அடைத்தவர்களுக்கு எல்லாம் தோட்டத்தின் மறுகோடியில் முள்வீடு இருந்தது. கள்ளிகள் நிற்கும் கண்ணாடிக்கூடம். கள்ளிக்கு மூக்கும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும். அங்கே போனவர்கள் ஓய்வு பெறுகிற நாளில்தான் வெளியே வந்தார்கள். அந்தக் கண்ணாடிக் கதவை நினைத்தாலே சின்னவளுக்கு வயிறு உப்பத் தொடங்கிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டாள். தினமும் கிழங்கைக் கீறி மூக்கில் வைத்து, "ம்... சரி" என்று தலையாட்டினாள்.

வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாமே என்றால், பக்கத்தில் இருந்த ஒரே ஆள் பெரியவள்.

பெரியவள் சின்னவளின் ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் மனைவி. ஒரே வீடு, பெரியவள் கீழே, சின்னவள் மாடியில். தோட்டத்திலும் எதிரெதிர்ப் பாத்தி. பெரியவளிடம் இருந்தது அமரில்லிஸ் குடும்பம். மஞ்சள் டாஃபடில், வெள்ளைக் கால் நீட்டும் சிலந்தி லில்லி, மழை பெய்ததும் எழுந்து நிற்கும் மழை லில்லி. எல்லாம் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிற பூக்கள். டாஃபடில் பால் பட்டுப் பட்டு மணிக்கட்டில் எப்போதும் அரிப்பு. அதைச் சொறிவதிலும் அவளிடம் ஒரு மிடுக்கு தெரியும்.

இருவரும் பேச்சை முறித்துக்கொண்டது காய்ச்சலுக்கு முன்பே, பெரியவளின் மகள் கல்யாணத்தில். அந்தப் பெண் சித்தி மடியில் வளர்ந்தவள். "செண்டைச் சித்திதான் தூக்கிட்டு வரணும்" என்று அடம் பிடித்தாள். ரோஜாவும், தோட்டத்து வழியோரத்தில் பூக்கும் ஏதோ ஊதாப் பூவும் வைத்துப் பெரியவள் தன் கையால் கட்டிய செண்டு. சின்னவள் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட்டாள். மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை மூக்கைச் சுளித்து, "சாப்பாட்டுக் கூடம் பக்கத்துலயா? பூண்டு தாளிக்கிறாங்க போலிருக்கே" என்றாள். பெரியவள் அவமானத்தில் சிவந்து, அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "இவ கை பட்டா பூவும் பூண்டாயிடும்!" நாள் முழுக்கப் பூண்டு நெடியிலேயே கிடக்கிற சின்னவளுக்கும் தன் கைதானோ என்று சந்தேகம்; செண்டை நாற்காலியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை என்று சொன்னால் தப்பு. நாள் முழுக்கப் பேசினார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, அவ்வளவுதான். பெரியவள் சொல்ல வேண்டியதைத் தண்ணீர்க் குழாயிடம் சொல்வாள். சின்னவளுக்குத் தள்ளுவண்டி.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை தரகர் கருவிக் கொட்டகைக்கு வந்து எல்லாரையும் கூட்டினார்.

"வெங்காயம் வீடு மாறுது" என்றார்.

"மறுபடியுமா?" என்றாள் சின்னவள்.

"என்ன செய்யறது? அந்தக் காலத்துல முகஜாடையை நம்பி சம்பந்தம் பேசினோம். ஆறு இதழ், அடியில கிழங்கு இருந்தா லில்லி வீட்டுல சேர்த்துட வேண்டியதுதான். டியூலிப், கத்தாழை, தண்ணீர்விட்டான், வெங்காயம் எல்லாம் ஒரே கூரைக்கடியில. அந்த வீடு வீங்கிப்போச்சு. அப்புறம் பாகப்பிரிவினை. டியூலிப் மட்டும் லில்லியோட தங்கிடுச்சு. கத்தாழை வேற பக்கம் போச்சு. வெங்காயத்துக்குத் தனிக்குடித்தனம் வைச்சோம். இப்ப மரபணுவைப் பார்த்துட்டாங்க. அது அமரில்லிஸ் வீட்டுப் பிள்ளை. கிளை வேற, வீடு ஒண்ணு."

பெரியவள் எழுந்து நின்றாள். "ஐயா, என்னுது எல்லாம் லில்லிங்க. சிலந்தி லில்லி, மழை லில்லி. பேர்லயே இருக்கே!"

"பேரு நாம ஆசைக்கு வைச்சதும்மா. அதுங்க லில்லி வீட்டு வாசலைக்கூட மிதிச்சதில்லை. நீங்களே பாருங்க, ரெண்டுக்கும் இலையில்லாத மொட்டைத் தண்டு. மேல குடை மாதிரி பூங்கொத்து. விரியறதுக்கு முன்னால அதைச் சுத்தி ஒரு மெல்லிசான உறை. ஜாடை கண்ணு முன்னால இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியலை."

"அப்ப டாஃபடிலுக்கும் பூண்டுக்கும்..."

"பங்காளி முறை."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பெரியவள் சுவரோரம் சுருண்டு கிடந்த குழாயைப் பார்த்தாள். "கேட்டியா சேதி? நல்ல இடம்னு நம்பி இருந்தேன், யாரைக் கொண்டு வந்து ஒட்டவைக்கிறாங்க பாரு."

சின்னவள் தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தாள். "நாம ஒண்ணும் ஒட்ட ஆசைப்படலைப்பா. ரத்தத்துல இருக்காம். அழிச்சாலும் போகாதாம்."

ஆக, இரண்டு பாத்தியும் ஒன்றாக வேண்டும். தோண்டி எடுத்த கிழங்குகளை எல்லாம் விதைக்கிழங்கு அறையில் காயவைத்தார்கள். மரத்தட்டுகள் அடுக்கிய நீண்ட அறை. இடப்பக்க அலமாரி பெரியவளுக்கு, வலப்பக்க அலமாரி சின்னவளுக்கு. பெட்டிகள் எல்லாம் ஒரே தச்சன் அடித்தவை, ஒரே அளவு, ஒரே பழுப்பு.

நடவுக்கு முந்தின நாள் மழை கொட்டியது. இடப்பக்கக் கூரை ஒழுகியது. பெரியவள் முதலில் வந்து பார்த்து, தன் டாஃபடில் பெட்டிகளைத் தூக்கி சின்னவளின் அலமாரியில் காலியாக இருந்த தட்டில் வைத்தாள். யாரிடமும் சொல்லாமல் இல்லை. "என் பொருளை அங்கே வைச்சிருக்கேன், தெரிஞ்சவங்க தெரிஞ்சுக்கட்டும்" என்று குழாயிடம் தெளிவாகத்தான் சொன்னாள். குழாய் சொல்லவில்லை.

பிறகு வந்த சின்னவள், தன் அலமாரியில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று நினைத்து, அத்தனை பெட்டியையும் ஒரே பெரிய கூடையில் கவிழ்த்துவிட்டாள். கவிழ்க்கும்போது டாஃபடில் கிழங்குகள் உருண்டு விழுந்தன. காய்ந்த வெங்காயத்தின் அதே பழுப்புத் தோல், அதே குமிழ், அதே கழுத்து. மூக்குள்ள யாருக்கும் அந்த நேரத்தில் சந்தேகம் வந்திருக்கும். வெங்காயக் கூடையைக் கவிழ்த்தும் அந்தப் பழைய நெடி பாதியாகத்தானே வருகிறது என்று தோன்றியிருக்கும். அவளுக்குத் தோன்ற வழியில்லை.

மறுநாள் காலை பெரியவளின் சத்தத்தில் அறையின் கூரை அதிர்ந்தது. "அடேய் குழாயே! என் பெட்டி எல்லாம் காலியா இருக்குடா!"

தரகர் ஓடிவந்தார். கூடையைப் பார்த்தார், ஒரு கிழங்கைக் கீறி முகர்ந்தார், இன்னொன்றை முகர்ந்தார், சிரித்தார். "பங்காளிகள் நமக்கு முன்னால சேர்ந்துக்கிட்டாங்க. பரவாயில்லை, உக்காந்து பிரிச்சுடுங்க. ஆனா ஜாக்கிரதை. இன்னைக்கு மிச்ச வெங்காயம் சமையலறைக்குப் போகும். டாஃபடில் கிழங்கு ஒண்ணு சூப்புல விழுந்தா அத்தனை பேரும் வாந்தி, பேதின்னு ஆஸ்பத்திரியில கிடப்போம். மோந்தா சின்னக் குழந்தைக்கும் தெரிஞ்சிடும்." சின்னவளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "உங்களுக்குச் சொல்லணுமா!"

பெரியவளிடம் ஒரு செடித்தூரைக் கொடுத்தார். "வழியோரத்துல அழகுக்கு நட்ட ஊதாப்பூ. இதுவும் வெங்காயக் கிளைதானாம். கூறு போட்டு நடுவுல வைங்க" என்று சொல்லிவிட்டுப் புதுப் பாத்தியைப் பார்க்கப் போனார்.

நடவு நாளில் மிச்ச வெங்காயத்தைப் போட்டு சூப் காய்ச்சி எல்லாருமாகக் குடிப்பது தோட்டத்து வழக்கம். சின்னவள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சின்னக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம் தனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபோது, அவளுக்கு ஒரு யோசனை தட்டியது. மூக்கு போனால் என்ன, கண் இருக்கிறதே! வெங்காயம் கண்ணைக் கரிக்கும், டாஃபடில் கரிக்காது. ஒரு கிழங்கைக் கீறி, நைசாகக் கண்ணோரம் கொண்டுபோனாள். சுரீர் என்றது. வெங்காயம்! அடுத்ததைக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை, டாஃபடில். அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது.

எதிரே ஊதாப்பூத் தூரைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்த பெரியவள் குழாயிடம் கேட்டாள்: "ஏன், மூக்குல வைக்கிறதைக் கண்ணுல வைக்கிறது எந்த ஊர் வழக்கம்?"

"நுணுக்கமா பார்க்கிறோம், இல்லையா வண்டி?" என்றாள் சின்னவள், ஒரு கண்ணில் நீர் வழிய.

கொஞ்ச நேரம்தான் அந்த வித்தை செல்லுபடியானது. கண் ஒருமுறை ஊற்றெடுத்துவிட்டால் அது வெங்காயம் டாஃபடில் என்று பேதம் பார்ப்பதில்லை. எதைக் கொண்டுபோனாலும் கரித்தது. எதையும் கொண்டுபோகாவிட்டாலும் கரித்தது. பிரித்து வைத்த இரண்டு குவியலில் எது எது என்றே மங்கலாகிவிட்டது. புறங்கையால் துடைத்தாள், கையில் வெங்காயச் சாறு. "ஐயோ" என்று கத்திவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முந்தானை ஓரமாகப் பார்த்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. பெரியவள் அறுப்பதை நிறுத்தியிருந்தாள். கத்தியை முகர்ந்தாள். தன் விரல்களை முகர்ந்தாள். ஊதாப்பூவின் காம்பை ஒடித்து முகர்ந்தாள். பிறகு செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள் போல அந்தப் பூவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து சமையல்காரர் வந்து நின்றார், இடுப்பில் ஒரு அகலப் பாத்திரத்தோடு.

"என்னம்மா, தண்ணி கொதிச்சுக் கூப்பிடுது. போடுங்க வெங்காயத்தை."

சின்னவள் இரண்டு குவியலையும் பார்த்தாள். இடப்பக்கம்தான் வெங்காயம் என்று மனசு சொன்னது. அநேகமாக. அள்ளிப் போட்டுவிட்டால் தப்பித்தாள். பாத்தி அவளுடையது, நுழைவாயில் அவளுடையது, பேச்சு அவளுடையது. அந்த 'அநேகமாக' மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

"இன்னைக்கு வெங்காயம் இல்லண்ணே."

"இல்லையா? கண்ணு முன்னால மலை மாதிரி குவிஞ்சிருக்கு!"

"அதை யாரும் தொடக்கூடாது."

"ஏம்மா, வெங்காயமில்லாம வெங்காய சூப் வைக்கச் சொல்றியா? வெந்நீரைக் குடிச்சிட்டு வேலை செய்வாங்களா?" அவர் குரல் உயர்ந்தது. ஆட்கள் கூடினார்கள். தரகரும் வந்து சேர்ந்தார். "என்ன பிரச்சனை?"

சின்னவள் எழுந்து நின்றாள். கண்ணும் மூக்கும் ஒழுக, ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "எனக்கு மூக்கு செத்துப்போச்சு ஐயா. அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சு. எது வெங்காயம், எது விஷம்னு எனக்குத் தெரியாது. இத்தனை நாளா நடிச்சேன். முள்வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா அனுப்புங்க, ஆனா யாரும் அந்த சூப்பைக் குடிக்காதீங்க."

 தரகர் தாடையைத் தடவினார். நல்ல மனிதர்தான், அதனாலேயே அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. "தோட்டத்து விதின்னு ஒண்ணு இருக்கேம்மா... வெங்காயப் பாத்தின்னா மூக்கு..."

"எந்த வெங்காயப் பாத்தி?" என்றாள் பெரியவள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இப்ப ஏது வெங்காயப் பாத்தி? நீங்கதானே ஐயா ரெண்டும் ஒரே குடும்பம்னு சொன்னீங்க? கிளைதான் வேற, வீடு ஒண்ணுன்னு?" அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஒரு குடும்பத்துக்கு ஒரு மூக்கு போதாதா? என் மூக்கு நல்லாத்தானே இருக்கு?"

தரகர் சிரித்துவிட்டார். "பாத்தி ஒண்ணுதான். விதியிலயும் பாத்திக்கு ஒரு மூக்குன்னுதான் இருக்கு."

"அப்ப சரி. ஏய், நகரு." பெரியவள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, சின்னவளை இடுப்பால் இடித்து ஒதுக்கினாள். கல்யாண மண்டபத்துக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அந்த 'நகரு'தான். நகத்தால் கீறினாள், முகர்ந்தாள், வீசினாள். "இது உன்னுது. இது என்னுது. இது உன்னுது, சே, என்ன நாத்தம்! இது என்னுது." சமையல்காரர் பாத்திரம் நிறைய வாங்கிக்கொண்டு போய்ச்சேர்ந்தார். கூட்டமும் வண்டியோடு புதுப் பாத்திக்குக் கலைந்தது.

அறையில் இருவர் மட்டும். பெரியவள் ஊதாப்பூக் காம்பு ஒன்றை ஒடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சின்னவள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு."

"என்ன இது?"

"மோந்துதான் பாரேன். உனக்கே புரியும்."

சின்னவள் இழுத்து மூச்சுவிட்டாள். மறுபடி இழுத்தாள். "அக்கா, எனக்குத்தான் மூக்கு இல்லையே. இப்பதானே ஊரைக் கூட்டிச் சொன்னேன்."

பெரியவளின் கை அப்படியே நின்றது. பூ தனக்காகப் பேசிவிடும், தான் வாயைத் திறக்காமல் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள் போலிருக்கிறது. குழாயைத் தேடினாள்; யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். தள்ளுவண்டியும் இல்லை. மணிக்கட்டைச் சொறிந்தாள். பேசுவதற்கு அந்த அறையில் சின்னவளை விட்டால் ஆளில்லை.

"செண்டுல ஒரு ஊதாப்பூ வைச்சிருந்தேனே" என்றாள் தரையைப் பார்த்து. "கலருக்காக, வழியோரத்துல வெட்டினது. இந்தப் பூதான். பூவுல ஒண்ணும் தெரியாது. காம்பை வெட்டினா பூண்டு நெடி. அன்னைக்கு எனக்கு ஜலதோஷம், வெட்டும்போது தெரியலை. மண்டபத்துல... உன் கை இல்லடி. என் பூ."

சின்னவள் பூவை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை அழகாக, இத்தனை சாதுவாக இருக்கிற ஒன்று, பக்கா வெங்காய வீட்டுப் பெண்! கண்ணிலிருந்து இன்னும் நீர் வழிந்தது. அது வெங்காயக் கணக்கா வேறு கணக்கா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. பிறகு பூவைக் காதோரம் செருகிக்கொண்டு, அந்தக் காதையே பெரியவள் பக்கம் நீட்டினாள்.

"என்னக்கா சொன்னே? அந்தக் காய்ச்சல்ல காதும் கொஞ்சம் மந்தமாயிடுச்சு. சமையலறை வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லு."